முதல் பக்கத்துக் கால்மிதி

காலையில் கண் விழித்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே கடைக்காரர் ஒரு வேலை செய்வார். போனை எடுத்துத் தன் கடைப் பொருளைத் தானே தேடிப் பார்ப்பார். கடை என்றால் கதவும் பெயர்ப் பலகையும் உள்ள கடை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவரோரம் பார்சல் பைகள், அவ்வளவுதான் கடை. மனைவி பருத்தித் துணியை மடித்து அடுக்கிக் கால்மிதி தைப்பாள். அவர் அதைப் படம் எடுத்து ஆன்லைனில் ஏற்றுவார்.

அன்றும் 'கால்மிதி' என்று அடித்துத் தேடினார். யார் யாருடைய கால்மிதியோ வந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனார். பச்சை, சிவப்பு, பூப்போட்டது, பூனைப் படம் போட்டது என்று உலகத்தில் உள்ள கால்மிதியெல்லாம் வரிசையில் நின்றன. அவருடையது மட்டும் இல்லை.

"கிடைச்சுதா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இன்னிக்கும் காணோம்."

"காணாமப் போன பிள்ளையைத் தேடுற மாதிரி தினமும் தேடுறீங்க. கிடைச்சாலும் நீங்களேதான் வாங்கணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு அவர் நம்பி இறங்கியது இந்தக் கடை ஒன்றைத்தான். தைத்து முடித்த கால்மிதிகள் அலமாரியை நிரப்பிவிட்டு, கட்டிலுக்கு அடியிலும் குடிபுகுந்துவிட்டன. கேட்பாரில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஆன்லைன் கடைகளின் பொருள்களைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருவதுதான் அவன் பிழைப்பு. வந்தவன் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன மாமா எழுதி வெச்சிருக்கீங்க? 'கையால் தைத்த பருத்திக் கால்மிதி'. இப்படி யாராவது தேடுவாங்களா?"

"பொருள் அதுதானேடா?"

"பொருள் என்னன்னு எழுதினா யார் மாமா பார்ப்பாங்க? ஜனங்க என்ன தேடுறாங்களோ அதை எழுதணும். இங்க பாருங்க, எல்லாரும் தேடுறது 'வழுக்காத பாத்ரூம் மேட்'. தலைப்புல அது இல்லேன்னா தேடுபொறிக்கு நீங்க ஒரு ஆளே இல்லை."

தையல் மெஷின் நின்றது.

"அடியில வெறும் துணிடா. ஈரத்துல வழுக்கும்," என்றாள் மனைவி.

"எல்லாரும்தான் போடுறாங்க அக்கா. போடாதவன் கடைசிப் பக்கத்துல உட்கார்ந்து ஈ ஓட்டுறான்."

அவள் வாதாடவில்லை. ஒரு கால்மிதியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைத் தரையில் விரித்தாள். ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்து லேசாகத் தள்ளினாள். கால்மிதி சறுக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் முட்டியது.

"இப்ப எழுதுங்க பார்க்கலாம், வழுக்காதுன்னு."

"நீ வேணும்னே தள்ளினா எதுதான் போகாது? சும்மா நின்னா நிக்கும்," என்றார் கடைக்காரர். சொல்லும்போதே அவர் குரல் சுரத்தில்லாமல்தான் இருந்தது.

"அடியில ரப்பர் வெச்சுத் தைக்கலாம். அதுக்கப்புறம் என்ன வேணா எழுதுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"முதல்ல இருக்கறது விக்கட்டும். அப்புறம் ரப்பர் வெச்சுக்கலாம்."

உலகத்தில் பாதிப் பொய்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அப்புறம் உண்மையாக்கிக்கொள்ளலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். மச்சினன் தலைப்பை மாற்றினான். 'ஈரத் தரைக்கு ஏற்றது' என்று கீழே சேர்த்தான். 'முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது' என்று இன்னொரு வரியையும் தட்டிவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தான். மாமா தலையாட்டினார். மனைவி மெஷினுக்குத் திரும்பிப் போனாள். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று பிற்பாடு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கால்மிதி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டிலடி காலியானது. வந்த ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கவே மனைவிக்கு நேரம் போதவில்லை. ரப்பர் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளுந்தான்.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. ஒரு பெண் பேசினாள். தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் என்றும், அப்பாவுக்காக இந்தக் கடையில் ஒரு மேட் வாங்கியதாகவும் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. இன்னொண்ணு வேணுமா?" என்றார் கடைக்காரர்.

"அப்பா விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு உடைஞ்சிடுச்சு. மறுபடி நடப்பாரான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு."

"தரையில தண்ணி ஏதாவது இருந்திருக்குமோம்மா?"

"பாத்ரூம்ல தண்ணி இல்லாம வேற என்னங்க இருக்கும்?"

அவளே தொடர்ந்தாள். "நான் சண்டை போடக் கூப்பிடலை. இதுக்கு முன்னாடி வெறுந்தரைதான் இருந்துச்சு. அப்பா பயந்து பயந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாரு. நான்தான், இது வழுக்காதுப்பா, தைரியமா கையை விட்டுட்டு நில்லுங்கன்னு சொன்னேன். விட்டாரு. அந்த வார்த்தையை எடுத்துடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. உடனே உட்கார்ந்து தலைப்பை மாற்றினார். பாதுகாப்பு என்ற வரியையும் அழித்தார். பிறகு போனில் தேடிப் பார்த்தார். முதல் பக்கத்தில் அதே படம், அதே 'வழுக்காத பாத்ரூம் மேட்'. மச்சினனைக் கூப்பிட்டார்.

"அழிச்சிட்டேன்டா, ஆனா இன்னும் வருதே."

"தேடுபொறி மறுபடி வந்து உங்க பக்கத்தைப் படிக்கணும் மாமா. அப்பத்தான் மாறும்."

"எப்ப வந்து படிக்கும்?"

"அது அதோட இஷ்டம். சீக்கிரம் வான்னு கேட்டு வைக்கலாம், அவ்வளவுதான்." அவன் கொஞ்சம் இழுத்தான். "இன்னொண்ணு மாமா. கீழ தள்ளிப் பாருங்க. வேற கடைங்களும் எடுத்துப் போட்டிருக்காங்க."

தள்ளிப் பார்த்தார். பெயரே கேள்விப்படாத கடைகள். எல்லாவற்றிலும் மனைவி தைத்த நீலக்கரைக் கால்மிதியின் படம். படத்துக்குக் கீழே மச்சினன் எழுதிய அதே வரிகள், எழுத்துப் பிசகாமல். உள்ளே என்ன பொருளைப் போட்டு அனுப்புகிறார்களோ, யாருக்குத் தெரியும். ஒவ்வொரு கடைக்கும் எழுதினார். ஒரே ஒரு கடை பதில் போட்டது. 'விவரம் உங்களுடையதுதானே? நீங்கள் எழுதியதைத்தான் நாங்களும் போட்டிருக்கிறோம்.' மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை.

"வாங்கினவங்களுக்கெல்லாம் போன் பண்ணுங்க," என்றாள் மனைவி. "அவங்க நம்பராவது நம்மகிட்ட இருக்கே."

இரண்டு பேரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். சிலர் எடுக்கவில்லை. சிலர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, எடுத்துப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். திட்டு வாங்கும்போதெல்லாம் கடைக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வீடு தப்பித்தது என்று அர்த்தம்.

பிறகு ஒரு பெரியவர் எடுத்தார்.

"சார், எங்க கடையில நீங்க வாங்கின பாத்ரூம் மேட் ஈரத்துல வழுக்கும். தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க."

"வழுக்காதுன்னு போட்டுத்தானேய்யா வித்தீங்க?"

"அது தப்பு சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இருங்க, பையனை ஆன்லைன்ல தேடிப் பார்க்கச் சொல்றேன்." உள்ளே யாரோ எதையோ படித்துக் காட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "நாலஞ்சு கடையில ஒரே மாதிரிதானே போட்டிருக்கு, வழுக்காது, கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானதுன்னு. அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? நீங்க யாரு, போட்டிக்கு விக்கிற ஆளா?"

"இல்லை சார், அவங்க எல்லாம் என்னைப் பார்த்து..."

"எங்க வீட்டுல மருமக மாசமா இருக்கா. அவளுக்காகவே தேடித் தேடி வாங்கினது இது. உங்க வியாபாரத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டார். மனைவியின் போனிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு எண்ணையும் அந்த வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

கடைக்காரர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. "நேர்ல போறேன். இப்ப பஸ் ஏறினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்," என்றவர், அந்த வீட்டு முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"போங்க. காலைப் பிடிச்சாவது அதை வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி. "இந்த வீட்டுக்கு முகவரி இருக்கு, போறீங்க. நம்மளைப் பார்த்து எழுதின கடைங்க வித்தாங்களே, அந்த வீடெல்லாம் எங்க இருக்குன்னு யாரைக் கேட்பீங்க?"

வாசற்படியில் செருப்பை மாட்டப் போனவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நாம எழுதின வார்த்தையை நம்பித்தாங்க ஜனங்க காலை வைக்கிறாங்க," என்றாள் அவள். "விக்கணுங்கறதுக்காக இல்லாததை எழுதக் கூடாது. எழுதிட்டா, அப்புறம் நாமளே வீடு வீடாப் போய் உண்மையைச் சொன்னாலும், நம்ம பொய்யை நம்பினவங்க நம்மளை நம்ப மாட்டாங்க."