ஒற்றைத் தந்த யானை

கம்பத்து ரம்லத்துக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே, மறுநாள் தேனியில் அவளுடைய முதல் ஓவியக் கண்காட்சி! வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டப்போவது அவள் உயிரையே வைத்திருந்த படம். தேக்கடி ஏரி, படகில் அவளைப் பெற்ற அத்தா அப்துல் அஜீஸ், மடியில் நாலு வயது ரம்லத், கரையில் ஒற்றைத் தந்தத்தோடு ஒரு யானை. அடுத்த வருடமே மவுத்தாகிப்போன அத்தாவைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஞாபகம் அதுதான். அதனால்தான் படம் வரையவே வந்தேன் என்று கேட்டவர், கேளாதவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

படத்தைத் துணியில் சுற்றும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"வாயால சொன்ன வரைக்கும் சரின்னு விட்டுட்டேன். ஊர் கூடுற எடத்துல மாட்டப்போற. ஒங்க அத்தா ஒன்னையத் தேக்கடிக்குக் கூட்டிட்டே போகல. போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குத்தான் தூக்கிட்டுப் போனாக. போட்டோவும் வரல, கவுன் பூராம் பச்சைப் பெயிண்ட்டோட திரும்பி வந்த."

ரம்லத்துக்கு இருந்ததே ஒன்று, அதுவும் பொய் என்றால் அத்தாவில் அவளுக்கென்று என்னதான் மிச்சம்? படத்தை அப்படியே போட்டுவிட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு கடைவீதிக்குப் பறந்தாள்.

ஸ்டுடியோ நல்லகண்ணு எதையும் தூக்கிப் போடாத மனிதர். போட்டோவுக்குப் பின்னால் தொங்கவிடும் பழைய திரையைப் பரணிலிருந்து இறக்கி விரித்தார். அதே ஏரி, அதே மலை, கரையில் அதே யானை. படகு என்று அவள் நம்பியது, திரைக்கு முன்னால் போட்டு வைத்த வெறும் பலகைப் படகாம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையைக் கோபமாக மாற்றி, ஒரு யானைக்கு ரெண்டு தந்தம் வரையத் துப்பில்லாத அந்தச் சோம்பேறி யார் என்று கேட்டாள்.

நல்லகண்ணு சிரித்துவிட்டார்.

"ஒங்க அத்தாதான் தாயி. மண்டிக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு இங்கன வந்து வரைவாக. ரெண்டாவது தந்தம் போடப் போகையில நீ படகுல ஏத்தச் சொல்லி அழுத. பிரஷ்ஷைப் போட்டுட்டு ஒன்னையத் தூக்கி வச்சாக, பெயிண்ட்டுகூட காயல. எம்மக ஏறிட்டா, இனி இதத் தொட மாட்டேன்னுட்டாக."

மறுநாள் தேனியில் ரம்லத்தின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் திரையும் தொங்கியது. திரையின் கீழே அப்துல் அஜீஸ் என்றும், படத்தின் கீழே அவர் மகள் ரம்லத் என்றும் எழுதியிருந்தது. அம்மா திரையைவிட்டு நகரவே இல்லை. மண்டிக்குன்னுல்ல சொன்னாக என்று முணுமுணுப்பதும் சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள்.

யானைக்கு இன்னொரு தந்தம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரம்லத் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொன்னாள்.

"அப்ப நான் அழுதேன். அதான்."