ஓல்மனின் காது

ஓல்மனுக்குச் சுறா என்றால் பயம். நடுக்கடலில் இருக்கும் கோகோஸ் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் முக்குளிப்புக் கப்பலில் பத்தொன்பது வருஷமாகச் சின்னப் படகு ஓட்டுகிற மனுஷனுக்கு இந்தப் பயம்! சுறாக்களே குடியிருக்கிற தண்ணீர் அது. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சின்ன வயதிலேயே செவிப்பறை கிழிந்துவிட்டது, தண்ணீருக்குள் தலையை விடக் கூடாது என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருந்தார். பொய் நன்றாகத்தான் ஓடியது. வழிகாட்டிப் பெண் யோர்லெனியின் அம்மா ஒவ்வொரு பயணத்துக்கும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொடுத்தனுப்புவாள். ஒரு குறையும் இல்லாத காதில் மனுஷன் அதை ஊற்றிக்கொள்வார்.

பயத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து வயதில், பூந்தரேனாஸ் துறைமுகத்து மீன் சந்தையில், பலகைமேல் ஒரு கொம்பன் சுறாவின் தலை கிடந்தது. சுத்தியல் மாதிரி நீண்ட அந்தத் தலையின் ஓரத்தில் இருந்த கண் இவரையே பார்த்தது. அவ்வளவுதான்.

அவருடைய வேலை குமிழி பார்ப்பது. கீழே இருப்பவர்கள் விடும் மூச்சு மேலே வந்து வெடிக்கும். நீரோட்டம் அவர்களை எங்கே இழுத்தாலும் படகு அந்தக் குமிழிகளின் பின்னாலேயே போக வேண்டும். மேலே வந்ததும், பார்த்த சுறா எவ்வளவு பெரிது என்று ஆளுக்காள் கையை அகல விரித்துக்கொண்டு கத்துவார்கள். ஓல்மன் தலையாட்டியபடி சிலிண்டரை வாங்கி வைப்பார்.

இந்தப் பயணத்தில் ஆறாம் நாள் வந்தும், ஹெல்மூத் என்ற கிழவர் கண்ணில் மட்டும் ஒரு கொம்பன் சுறாகூடப் படவில்லை. எழுபது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் அப்படியே தட்டில் இருக்க, வெறும் காப்பியைக் குடித்தார்.

"ஓல்மன் மாமா, நீங்களும்தான் வாங்களேன், ஐயாவுக்குத் துணையா. காதுல பஞ்சு வச்சுக்கலாம்" என்றாள் யோர்லெனி.

"உங்கம்மா எண்ணெயெல்லாம் பஞ்சு குடிச்சிரும். ஆளை விடும்மா."

தீவுக்குத் தெற்கே, கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைக்குன்றின் மேல் யோர்லெனியையும் ஹெல்மூத்தையும் சேர்த்து எட்டுப் பேர் இறங்கினார்கள். கால்மணி நேரத்தில் நீரோட்டம் முறுக்கிக்கொண்டது. குமிழிகள் குன்றைவிட்டுக் கிழக்கே ஓடின. பின்னாலேயே போக ஓல்மன் எஞ்சினை முடுக்கினார். கடகடவென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. யாரோ திருட்டுத்தனமாகப் போட்டு அறுந்துபோன, மைல்கணக்கில் நீளும் ஆயிரங்கால் தூண்டில் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை கீழே பாறையில் மாட்டி விறைத்து நின்றது. எஞ்சினைத் தூக்கினார், அசையவில்லை. கத்தியோடு குனிந்தார், கை எட்டவில்லை. கப்பலோ தீவின் மலைக்கு அந்தப் பக்கம். வாக்கிடாக்கி வெறுமனே இரைந்தது. எட்டுப் பேர் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் திசையில் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கரையே கிடையாது.

"பாழாய்ப்போன காது!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, உபரி முக்குளிப்புக் கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டித் தண்ணீரில் இறங்கினார்.

முதல் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டே அறுத்தார். கத்தி விரலைத்தான் வெட்டியது. இரண்டாம் முறை வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்தார்.

அடேயப்பா!

காலுக்குக் கீழே கடலே நகர்ந்துகொண்டிருந்தது. கொம்பன் சுறாக்கள். ஐம்பதா, நூறா, இருநூறா! ஒன்றையொன்று இடிக்காமல், அவசரப்படாமல், ஊரே திரண்டு திருவிழாவுக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. வெயில் அவற்றின் முதுகில் வலை வலையாக ஆடியது. இத்தனை உடம்பு நகர்ந்தும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. அதில் ஒன்று மெல்ல மேலே ஏறி வந்தது. தலையின் ஓரத்துக் கண் அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இவரும் ஒரு பாறை என்பதுபோல் விலகிப் போயிற்று. இத்தனை வருஷமும் இது தன் காலடியிலேயே நடந்துகொண்டிருந்ததே! பயம் போன இடம் தெரியவில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் மேலே வர வேண்டும் என்பதே ஞாபகம் வந்தது.

மூன்றாம் முறை கயிறு அறுந்தது.

படகில் ஏறிப் பார்த்தால் குமிழிகள் இல்லை. நீரோட்டத்தின் போக்கிலேயே விரட்டினார். அரைமணி நேரம் வெறும் அலை. பிறகு தூரத்தில் ஓர் ஆரஞ்சு மிதவை, அதைச் சுற்றித் தலைகள். ஏழுதான் இருந்தன. ஐயோ என்று எழுந்து நின்றார். எட்டாவது தலை அலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஓல்மன் வெட்கப்படாமல் அழுதார்.

"ஒண்ணுமே பாக்கல. ஒரே கலங்கல்" என்றபடி ஹெல்மூத் ஏறி உட்கார்ந்தார்.

ஓல்மன் கையை விரித்தார். போதவில்லை, இன்னும் விரித்தார். "குன்றுக்கு மேலதான் ஐயா இருந்துச்சு... எல்லாமே இருந்துச்சு..."

யோர்லெனி அவருடைய ஈரத் தலையைப் பார்த்தாள், முகத்தில் கண்ணாடி பதிந்த வளையத்தைப் பார்த்தாள். "ஐயையோ, காது!" என்று தலையைப் பிடித்துச் சாய்த்தாள்.

"காதுக்கு ஒண்ணுமில்லம்மா. என்னைக்குமே ஒண்ணுமில்ல. எனக்குச் சுறான்னா பயம்."

அவள் பிடித்த தலையை விட்டாள். பிறகு, "அப்போ எங்கம்மா ஆறு வருஷமாக் காய்ச்சின எண்ணெய்?" என்றாள்.

"காது பளபளன்னு இருக்கே, பாரு."

எல்லோரும் ஏறியதும் படகைக் குன்றுக்கே திருப்பிக் கொண்டுவந்து, எஞ்சின் பிடியை அவள் கையில் கொடுத்தார். "நீ படகைப் பாத்துக்கம்மா." வெட்டுப்பட்ட விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். ஹெல்மூத்துக்கு ஒரு கையை நீட்டினார்.

"வாங்க ஐயா. எங்கேன்னு எனக்குத் தெரியும்."

ஓல்மன்தான் முதலில் இறங்கினார்.