ஒரு நாளைக்கு ஒரு பாஸ்வேர்டு

நாற்பது நாளாகக் கம்ப்யூட்டர் கெஞ்சிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று திரையில் தினமும் ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். அடைவுக்காரரும் தினமும் 'பிறகு' என்பதை அழுத்தி அதைத் துரத்துவார். சனிக்கிழமை காலை மனிதருக்கு என்ன ஞானோதயம் வந்ததோ, பேச ஆளில்லாத சலிப்பில் 'சரி' என்பதை அழுத்திவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அடைவுக்காரர் என்பது பதிப்பகத்தார் வைத்த பெயர். தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, சொல்லடைவு, அதைத் தயாரிப்பதுதான் அவர் பிழைப்பு. முப்பத்தாறு வருஷமாக அதே வேலை. யாரோ எழுதிய எண்ணூறு பக்கத் தேனீ வளர்ப்புப் புத்தகத்தில் 'ராணித் தேனீ, முதுமை' எங்கே வருகிறது என்று கேளுங்கள், தூக்கத்திலும் பக்கம் சொல்வார். தன் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவள் அவருடைய ஒரே மகள். சுவிட்சைப் போட்டால் எதுவும் கேட்காமல் தானாகத் திறக்கும்படி செய்திருந்தாள். அப்பாவுக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது என்று நினைத்தாள். புதிய பதிப்பு ஏறி முடிந்ததும் அது முதல் தடவையாக அவரைப் பார்த்து, நீ யார் என்று கேட்டது.

திங்கட்கிழமை ரிப்பேர்க்காரர் வந்தார். நடுத்தர வயது, அவசரக்காரர், ஒரு கையால் போனில் வேறு வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டே மறு கையால் புதிய பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தார். திரை வந்தது. வந்து என்ன பயன்? பதிப்பகத்தின் தளத்திலிருந்து மின்சாரக் கட்டணம் வரை, எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. முன்பெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தானே வந்து நிற்கும் சொற்கள் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி: பழைய பாஸ்வேர்டைத் தரவும்.

"சேமிச்சு வெச்சதெல்லாம் போயிடுச்சா?"

"எங்கயும் போகல சார். எல்லாம் உள்ளதான் இருக்கு. ஆனா பூட்டியிருக்கு. சாவி உங்க பழைய லாகின் பாஸ்வேர்டு. நான் போட்டது புதுசு, அது இந்தப் பூட்டுக்குச் சேராது. யார் போட்டுக் குடுத்தாங்க?"

"பொண்ணு."

"அப்ப கேளுங்க. ஒரு நிமிஷ வேலை. எத்தனை தடவை தப்பாப் போட்டாலும் இது கோவிச்சுக்காது. மத்ததெல்லாம் போன் நம்பருக்கு ஓடிபி வர வெச்சு மாத்திக்கலாம். இந்த ஒரு மெயில்தான் தகராறு. ஓடிபி எந்த நம்பருக்குப் போகுதுன்னு பாருங்க."

பார்த்தார். மனைவியின் நம்பர். அவள் இறந்த பிறகு அவரே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த நம்பர்.

அந்த மெயிலில்தான் எல்லாம் இருந்தது. வெளிநாடு போன முதல் வருஷம் மகள் வாரம் தவறாமல் எழுதிய கடிதங்கள். அறைக்கு வெந்நீர் வராதது, பஸ் மாறி ஏறி ஊர்க்கோடிக்குப் போனது, யாரோ அவள் குடையை எடுத்துப் போனது, ஒன்று விடாமல் எழுதுவாள். அது தொலைந்தால் அவருக்குத் தொலைய வேறு ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு நிமிஷ வேலை என்று ரிப்பேர்க்காரர் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? இரண்டு வருஷத்துக்கு முன், மனைவி போன நாலாம் நாள், அடைவுக்காரர் மேஜையில் உட்கார்ந்து பாதியில் நின்ற அடைவைத் தொடர்ந்தார். சும்மா உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். காரியத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் கதவருகே நின்று பார்த்தாள். "அம்மாவை எந்தப் பக்கத்துல போட்டீங்க?" என்று கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை. அந்த வாரமே திரும்ப விமானம் ஏறினாள். பிறகு சண்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மாதம் ஒரு போன், அதில் மூன்று கேள்விகள்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெச்சிடவா? மூன்றுக்கும் ஒரே பதில்தான்.

தயங்கித் தயங்கி, நாற்பது நாள் கதையையும் எழுதி, அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். நாலரை மணிக்குப் போன் வந்தது. அவளுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம்.

"எதுக்குப்பா தனியா அதை அப்டேட் பண்ணீங்க?"

"தெரியாம அமுக்கிட்டேன்."

"நாப்பது நாள் தெரிஞ்சே அமுக்காம இருந்திருக்கீங்க, ஒரு நாள் தெரியாம அமுக்கிட்டீங்களா? சரி, இருங்க, யோசிக்கிறேன். ஏழு வருஷம் ஆச்சு, என்ன எழவைப் போட்டேனோ. நம்ம பழைய ஸ்கூட்டர் நம்பரைப் போட்டுப் பாருங்க."

ஒற்றை விரலால் தட்டினார். திறக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டர் பேச்சு வந்துவிட்டது. மழையில் அது மேட்டில் நின்றுபோக, அப்பா தள்ள, அம்மா குடை பிடிக்க, அவள் மட்டும் இறங்காமல் மேலே உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். "இறங்குன்னு நீங்க சொல்லவே இல்ல," என்றாள். பதினொரு நிமிஷம் பேசியிருந்தாள். வைத்த பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை நொண்டி நாயின் பெயர். புதன்கிழமை எதிர்வீட்டு அத்தைக்கு இவள் வைத்த பட்டப்பெயர், அத்தை காதில் விழாத வரை எல்லாருக்கும் பிடித்த பெயர். எதுவும் திறக்கவில்லை. தொழில் புத்தி விடுமா? ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, என்ன பேசினாள் என்றும் குறித்து, அகரவரிசையில் அடுக்கினார். 'குடை, அம்மா பிடித்தது: திங்கள்.' 'நாய், நொண்டி, கட்டிலுக்கடியில்: செவ்வாய்.' கடைசியாகத் தனக்காக ஓர் அடைவு எப்போது போட்டார் என்று யோசித்தார். போட்டதே இல்லை.

வியாழக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். "கணக்கு டீச்சருக்கு நாங்க வெச்ச பேரு, கூட என் ரோல் நம்பர். போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

தட்டினார். பெட்டி மறைந்தது. எழுபத்து மூன்று பாஸ்வேர்டுகள் சேமிப்பில் உள்ளன என்று திரை சொன்னது. மெயிலைத் தொட்டார், கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்து நின்றன, உள்ளே போய்விட்டது. எட்டாயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.

"என்னப்பா? ஆச்சா?"

ஆச்சு என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்பாடா என்பாள். மாத்திரை போட்டீங்களா என்பாள். பிறகு ஒரு மாதம்.

"இல்லம்மா," என்றார். "இதுவும் இல்ல."

வாழ்க்கையில் ஒரு பக்க எண்ணைக்கூட மாற்றிப் போடாத மனிதர். பொய் வாயிலிருந்து எண்ணெய் போட்ட கதவு திறப்பதுபோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததில் அவரே அசந்துபோனார்.

"அய்யோ. சரி, விடுங்க. நாளைக்கு யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அதிலும் கெட்டிக்காரர் இல்லை. ஆனாலும் என்ன பாடுபட்டார்! காலையில் கடிதங்களைப் படிப்பார், மாலையில் அதே ஆளிடம் கடிதம் கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விடுவார். அவள் சொல்லும் புதிய சொல்லை ஒரு வெற்றுக் கோப்பில் தட்டுவார், தட்டும் சத்தம் கேட்கட்டும் என்று போனை விசைப்பலகைப் பக்கம் நீட்டுவார். வெள்ளிக்கிழமை பள்ளிப் பஸ்ஸின் எண். சனிக்கிழமை அவள் தோற்றுப்போன ஓட்டப் பந்தயத்தின் தேதி. அவள் தோற்றதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

சனிக்கிழமை ரிப்பேர்க்காரரும் கூப்பிட்டார். "என்ன சார், திறந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப விடுங்க, வந்து அதை அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன். பாவம் உங்க பொண்ணு, தினம் உக்காந்து மண்டையை உடைச்சுக்கணுமா?"

"வேண்டாம், வேண்டாம். அவளுக்கு ஞாபகம் வந்துடும்."

பாவம் உங்க பொண்ணு என்ற சொல் ராத்திரிச் சாப்பாட்டின்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது, அம்மா அப்பாவைக் கூப்பிட்ட செல்லப்பெயர். அம்மாவைப் பற்றி அவர்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போனை விசைப்பலகைப் பக்கம் நீட்ட அவர் மறந்துபோனார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா."

"எனக்கு வேற எப்படி உக்காரணும்னு தெரியலம்மா," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வருஷமாகச் சொல்லத் தெரியாதது அது.

திங்கட்கிழமை மத்தியானம், கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தவரின் பார்வை மெயிலின் ஓரத்துக்குப் போனது. அரட்டைக்கான சின்னப் பட்டியல் அது. முதல் வரியில் மகளின் பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவள் இப்போது இருக்கிறாள் என்று அர்த்தம். பரவாயில்லையே, இதெல்லாம் தெரிகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு விரல் அப்படியே நின்றது.

அவள் புள்ளி இவருக்குத் தெரிந்தால், இவர் புள்ளி அவளுக்கும் தெரியும். திறக்கவே முடியாத மெயிலில், வியாழக்கிழமையிலிருந்து, காலை முதல் இரவு வரை, அப்பா பச்சையாக உட்கார்ந்திருக்கிறார். ஊரார் புத்தகத்தில் அடிக்குறிப்பில் ஒளிந்த சொல்லையும் பிடிக்கிற கண், தன் திரையின் ஓரத்தைப் பார்க்கவில்லை.

மெயிலை மூடப் போனார். இனி மூடி என்ன, மூடாவிட்டால் என்ன? மானம் போனது போனதுதான். வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி, சாப்பாட்டை ஆறவிட்டு அவள் யோசித்திருக்கிறாள். இவர் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வது? உன் குரல் வேண்டும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அது மட்டும் வாயில் வராது.

நாலரை ஆனது. போன் வரவில்லை. நாலே முக்கால் ஆனது. மேஜைமேல் போனை நேராக வைத்தார், கொஞ்சம் கோணலாக வைத்தார், சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். ஐந்து மணிக்கு, இனி வராது என்று தெரிந்துகொண்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது.

"மீட்டிங் இழுத்துடுச்சுப்பா. காத்துட்டு இருந்தீங்களா?"

"ஆமாம்மா." இப்போதே சொல்லிவிட வேண்டும். "ஒண்ணு சொல்லணும். அந்தப் பாஸ்வேர்டு…"

"தெரியும்பா, திறக்கலைன்னுதானே சொல்லப் போறீங்க," என்றாள் அவள் சட்டென்று. "இன்னொண்ணு ஞாபகம் வந்திருக்கு. எழுதிக்கறீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமையிலிருந்தே தெரியும். தெரிந்துதான் வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டாள், சனி, ஞாயிறும் கூப்பிட்டாள். அவர் கண் கலங்கி, எழுத எடுத்த சீட்டு இரண்டாகத் தெரிந்தது.

"சொல்லும்மா."

"கொஞ்சம் நீளம். மெதுவா அடிங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. நான் எங்கயும் போகல."