எல்முரோத்தின் இடது கை

சம்பந்தம் பேசப் போகிறவனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். எனக்கு அது இல்லாததால்தான் அந்திஜான் நகரத்திலேயே பெரிய இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டேன்.

ஒருவன் துர்குன்பாய், லாரி ஓட்டுகிறவன். மற்றவன் எர்காஷ், கார் தொழிற்சாலையில் வெல்டர். நாங்கள் மூவரும் சின்ன வயதில் ஒரே குத்துச்சண்டைக் கூடத்தில் மூக்கை உடைத்துக்கொண்டவர்கள். இப்போது தலை நரைத்து, தொப்பை விழுந்து, வியாழக்கிழமை தோறும் கால்வாய் ஓரத்துத் தேநீர்க் கடையில் கூடுகிறோம். ஒவ்வொரு வாரமும் ஒருவன் முறை வைத்துப் புலாவ் சமைப்பான். வெங்காய விலையில் பேச்சைத் தொடங்கினாலும் அது குத்துச்சண்டையில்தான் போய் விழும்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பையன் எல்முரோத், ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவில் டாலிவரோடு மோதிப் புள்ளிக் கணக்கில் தோற்றான். ஒன்பதாவது ரவுண்டில் டாலிவர் விழுந்து கிடந்தபோது நடுவர் சாவகாசமாக எண்ணி அவனைக் காப்பாற்றிவிட்டார் என்பது ஊரின் கட்சி. எதிர்க்கட்சியில் ஒரே ஒரு ஆள், எர்காஷ்.

"விழுந்தான், சரி. எழுந்துட்டான்ல? மத்த ரவுண்டெல்லாம் யாருது?" என்றான் அந்தச் சண்டை முடிந்த வியாழக்கிழமை, கேரட்டை நறுக்கிக்கொண்டே.

"எல்லாமே எல்முரோத்துதான்!" என்றான் துர்குன்பாய்.

"உனக்குப் பாசம் கண்ணை மறைக்குது. ஒவ்வொரு குத்து விட்டதும் அவன் இடது கை எங்க போகுது? இடுப்புக்குப் போகுது. என்னமோ பாக்கெட்ல சாவி தேடுற மாதிரி. கன்னம் திறந்து கிடக்கு. டாலிவர் வந்து வந்து குத்திட்டுப் போறான்."

"நீ எந்த ஊர்க்காரன்டா? அமெரிக்காவுல உனக்கு மாமியார் வீடு இருக்கா?"

"ஊருக்கும் கன்னத்துக்கும் என்னடா சம்பந்தம்? தோத்தான்னா தோத்தான்தான். நீ என் தோஸ்துங்கறதுக்காக நான் புள்ளியை மாத்திப் போட முடியுமா?"

நான் தேநீரை ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "நீ சும்மா இரு ஜோகிர்" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் எப்போதும் ஒற்றுமை உண்டு.

பிறகுதான் அந்தக் கிறுக்கு வேலை நடந்தது. துர்குன்பாய் விரிப்பில் இருந்த ரொட்டியைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"இந்த ரொட்டி மேல சத்தியம். அடுத்த சண்டையில எல்முரோத் ஜெயிச்சாத்தான் எர்காஷ் வீட்டுச் சோத்துல கை வைப்பேன். அதுக்கு முன்னாடி வெச்சா, ரொட்டி என்னை அடிக்கட்டும்!"

எங்கள் ஊரில் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே மறந்துபோகிறவர்கள் உண்டு. ரொட்டியைக் கண்ணில் ஒற்றிச் செய்த சத்தியத்தை மீறியவனை நான் பார்த்ததில்லை. எர்காஷ் கேரட்டையும் கத்தியையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டு மாதம் கழித்து, துர்குன்பாயின் மகன் அசில்பெக் தன் அம்மாவிடம் வாயைத் திறந்தான். கட்டினால் எர்காஷின் மகள் மொஹ்லராவைத்தான் கட்டுவேன் என்றான். இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்திருக்கிறார்கள். குத்துச்சண்டையையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பெண் கேட்க நான்தான் போனேன். எர்காஷ் மறுக்கவில்லை. பையனைத் தோளில் தூக்கி வளர்த்தவனாயிற்றே! ஆனால் ஒன்று சொன்னான்.

"என் பொண்ணு கல்யாணப் புலாவை அவளோட மாமனார் சாப்பிடணும். சாப்பிடாம எழுந்து போனா ஊர் என்ன பேசும்? பொண்ணுக்கிட்ட என்ன குறையோன்னுதானே பேசும்? அவ காலம் பூரா அதைச் சுமக்கணுமா?"

அதையே துர்குன்பாயிடம் போய்ச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி ஹலிமா குனியவில்லை.

"வயசான காலத்துல அந்த எல்முரோத்தா வந்து உங்களுக்குக் கஞ்சி ஊத்தப் போறான்? வர்ற மருமகதான் ஊத்தணும். போயி இமாம்கிட்ட கேளுங்க!"

கேட்டோம். பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் சத்தியத்துக்குப் பரிகாரம் ஆகிவிடும் என்றார் இமாம். துர்குன்பாய் வாசலுக்கு வந்ததும், "அது சரி, ரொட்டிக்கு யாரு பரிகாரம் சொல்றது?" என்றான். எனக்கு அவனைக் கால்வாயில் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

நல்லவேளையாக டாலிவரோடு மறு சண்டை வசந்த காலத்திலேயே வருவதாக இருந்தது. கல்யாணம் இலையுதிர் காலத்தில். அதற்குள் எல்முரோத் ஜெயித்துவிடுவான், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். ஆனால் டாலிவருக்குத் தோள்பட்டை சுளுக்கிக்கொண்டது. சண்டையைத் தள்ளிவைத்தார்கள். தள்ளித் தள்ளி, சரியாகக் கல்யாணப் புலாவ் போடுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அமெரிக்காவில் அது சனிக்கிழமை ராத்திரி. அவர்களுக்கு என்ன கவலை?

தேதியை மாற்றலாமா என்று கேட்டேன். "எவனோ ஒருத்தன் தோள்பட்டைக்காக என் பொண்ணு கல்யாணத்தை மாத்தணுமா?" என்று எர்காஷ் எரிந்து விழுந்தான். சண்டையை எல்லோரும் பார்க்கட்டும் என்று தன் வீட்டு முற்றத்தில் பெரிய டிவி ஒன்றைக் கட்டச் சொன்னான். அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. எங்கள் ஊர்க் கல்யாணக் காலைப் புலாவ் விருந்தில் வந்தவர்கள் சாப்பிட்டு, பிரார்த்தனைக்குக் கையேந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு உடனே எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். டிவியைப் பார்த்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கையேந்தினால் கிளம்ப வேண்டுமே என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு கூட்டம் நின்றபடியே எட்டிப் பார்த்தது. அரிசி குழைகிறது என்று சமையல்காரர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரோடு துர்குன்பாய் வந்தான். அவன் தோளில் பட்டு அங்கி போர்த்தி, எல்லோருக்கும் மேலான இடத்தில் உட்கார வைத்தார்கள். ஆவி பறக்கும் தட்டு அவன் முன்னால் வந்தது. அவன் கையை மடியிலேயே வைத்திருந்தான். மணி அடித்து முதல் ரவுண்டு தொடங்கியது. ஊர் ஒரு கண்ணால் டிவியையும் மறு கண்ணால் அந்தக் கையையும் பார்த்தது. வீட்டு ஜன்னல் திரை விலகி விலகி மூடிக்கொண்டிருந்தது. அங்கே நிற்பது மொஹ்லராதான் என்று எனக்குத் தெரியும்.

டிவிக்குக் கீழே நின்றுகொண்டு எர்காஷ் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"தம்பி, இடது கையைத் தூக்குடா! கன்னத்தை மூடுடா ராசா! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டா!"

ஒரு வருடமாக அந்தக் கையை ஏளனம் செய்தவன் அதனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தான். எல்முரோத் நன்றாகத்தான் ஆரம்பித்தான். நடுவில் களைத்தான். களைத்ததும் இடது கை இடுப்புக்கு இறங்கியது. டாலிவர் வந்து வந்து குத்திவிட்டுப் போனான். இந்த முறை யாரும் விழவில்லை, யாரும் மெதுவாக எண்ணவில்லை. மூன்று நடுவர்களும் டாலிவர் பக்கமே புள்ளி போட்டார்கள். எல்முரோத்தே, ஒரு கண் வீங்கி மூடிய நிலையில், எதிராளியின் கையைப் பிடித்து உயர்த்தினான். என்ன அருமையான பிள்ளை!

துர்குன்பாய் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் போனான்.

"எல்முரோத் ஜெயிச்சுட்டான்!"

எர்காஷ்தான் கத்தினான். தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது.

"என்ன பாத்துட்டு இருக்கீங்க? ஜெயிச்சுட்டான்யா! மூணு நடுவரும் திருட்டுப் பசங்க! நான் குத்துச்சண்டை போட்டவன், சொல்றேன். போன தடவையும் அவன்தான் ஜெயிச்சான், இந்தத் தடவையும் அவன்தான்!"

ஒரு வருடமாக, ஒரு புள்ளியைக்கூட விட்டுக் கொடுக்காதவன். நட்பே போனாலும் போகட்டும் என்று எழுந்து போனவன். அவனா இப்படிச் சொல்கிறான்! முதலில் சமையல்காரர்தான் கரண்டியைத் தூக்கி, "ஆமா, பட்டப்பகல் கொள்ளை!" என்றார். உடனே வாசலில் நின்றவர்கள், "ஜெயிச்சான்! ஜெயிச்சான்!" என்று ஆரம்பித்தார்கள். கண்ணெதிரே தோற்றதைப் பார்த்த கூட்டம் முழுக்க ஒரே குரலில் அப்பட்டமாகப் புளுகியது. இமாம் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

எர்காஷ் வந்து அதே தட்டுக்கு எதிரே உட்கார்ந்தான். துர்குன்பாய் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"டேய், தோத்துட்டான்டா. இடது கையை இறக்கிட்டான். நீ சொன்னதுதான் சரி."

"ஆமா."

"அப்ப பொய்தானே சொல்றே? ரொட்டி அடிக்குமேடா."

"பொய் சொன்னவன் நான்தானே? அடிச்சா என்னை அடிக்கட்டும். நீ சாப்பிடு, சம்பந்தி."

துர்குன்பாய் அங்கியின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டான். தட்டில் கையை வைத்து, கறித்துண்டோடு ஒரு கவளம் சேர்த்தெடுத்து, எர்காஷின் வாயில் ஊட்டினான். அடுத்த கவளத்தைத் தான் சாப்பிட்டான்.