வையம்பட்டியில் பனிக்கால டயர்

மேலப்புதூர் முழுக்க வேர்த்துக்கொண்டிருந்தபோது தைரியராஜ் ஒருத்தனுக்கு மட்டும் பனி பெய்தது.

ரயில்வே கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மலிவு விலை மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைத் திறந்துகொள்வான். அதற்குமேல் அவன் திருச்சியில் இல்லை. முழங்கால் புதையும் பனியில், ஓநாய்கள் ஊளையிடும் சமவெளியில், சறுக்குவண்டியில் போய்க்கொண்டிருப்பான். மின்விசிறிக்கு அடியில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேச்சும் அந்தப் புத்தகங்களைப் போலவே ஆகிவிட்டது. ஒருநாள் கீரைக்காரியை "நல்ல பெண்மணியே" என்று கூப்பிட்டான். "யாரைய்யா சொல்றே?" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

இந்த ஆளிடம்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, தனக்கு வீடு பார்த்துக் கொடுத்த அற்புதசாமியிடம் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போன வண்டி. அற்புதசாமி தைரியராஜின் அப்பா. சிவப்பு நிறம், இரண்டே சீட், கிழிந்த கான்வாஸ் கூரை. உட்கார்ந்தால் உட்காருமிடம் தரையில் இடிப்பதுபோல இருக்கும். எதிரே மாட்டுவண்டி வந்தால் மாட்டின் முழங்கால்தான் கண்ணுக்குத் தெரியும். நான்கு டயரும் மொட்டை. அந்த அளவில் டயர் திருச்சியிலும் கிடைக்கவில்லை, மெட்ராஸிலும் கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் நர்ஸாக இருந்த அத்தை இருதயமேரி, மருந்துக்கடை போனுக்கு டிரங்க் கால் போட்டாள். "தம்பி, இங்க ரெண்டு தினுசு இருக்காம். பனிக்காலத்துக்குன்னு ஒண்ணு, எல்லாக் காலத்துக்கும்னு ஒண்ணு. எது வேணும்? ஞாயித்துக்கிழமை திரும்பக் கூப்பிடுறேன், யோசிச்சு வை."

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அற்புதசாமியும் அதைத்தான் கேட்டார்.

"டேய், எல்லாக் காலத்துக்கும்னு தெளிவா சொல்றான். அப்புறம் என்னடா?"

"அப்பா, எல்லாக் காலத்துக்கும் என்றால் எந்தக் காலத்துக்கும் உண்மையாக இல்லாதது என்று அர்த்தம். அது சந்தர்ப்பவாத டயர்."

"சந்தர்ப்பவாத டயர்தாண்டா ஊர் போய்ச் சேரும்."

அப்பாக்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எல்லா நாவலிலும் எழுதியிருந்தது. தைரியராஜ் அலுவலக நண்பன் ஸ்ரீரங்கராஜனிடம் போனான். ஸ்ரீரங்கத்துக்காரன், வடக்குச் சித்திரை வீதி. சிரிக்காமல் கிண்டல் பண்ணுவதில் கெட்டிக்காரன்.

"இதுல என்னடா சந்தேகம்? கைசிக ஏகாதசி அன்னிக்கு எங்க பெருமாளுக்கு முந்நூத்தறுபத்தஞ்சு வஸ்திரம் சாத்தறா. குளிர் இல்லேன்னா சாத்துவாளா? ஊர்ல குளிர் இருக்கு. பெருமாளுக்குத் தெரியறது, உனக்குத் தெரியறது. மத்தவாளுக்கெல்லாம் தோல் தடிப்பு."

தைரியராஜ் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையே அதிரும்படி போனில் "பனி!" என்று கத்தினான். நான்கு டயரும் கப்பலேறி வந்தன. விரல் ஆழத்துக்குக் கட்டம் கட்டமாக வெட்டு, தொட்டால் அல்வா மாதிரி மெத்தென்ற ரப்பர். நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரைப் போல ரோட்டில் தேய்ந்துகொண்டே போனது. அவன் கவலைப்படவில்லை. பனிக்காகக் காத்திருந்தான்.

உறையூரில் டீச்சராக இருந்தாள் லூர்துராணி. மாதா கோயில் பாடகர் குழுவில் பழக்கம். இவன் பேசுகிற தமிழைக் கேட்டு முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்தே பிடித்துப்போய்விட்டது. எண்பத்திரண்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் குடும்பம் கொடைக்கானலுக்குக் கிளம்பியது. கிளம்புவதற்கு முன் அவனைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்பா அங்க இருப்பாரு. அதுக்குள்ள வந்து நம்ம கல்யாணத்தைப் பத்தி நேர்ல பேசுங்க. திரும்பி வரும்போது திண்டுக்கல்ல ஒரு இன்ஜினியர் வீட்டுல எங்களுக்காகக் காத்திருக்காங்க. அவங்களுக்கு அப்பா வாக்குக் குடுத்துட்டா அப்புறம் மாத்த மாட்டாரு."

"வருவேன், என் அன்பே. பனிமலைகளைத் தாண்டி வருவேன்."

"பனிமலையெல்லாம் தாண்ட வேணாம். மணப்பாறையைத் தாண்டினாப் போதும். பஸ்ல வாங்க."

"பஸ்ஸிலா?"

அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் முகம் வாடியது. "டயர் ஜெர்மனியிலேந்து வந்திருக்கலாம். ரோடு இங்க போட்டது. பஸ்ல வாங்க" என்று திரும்பவும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தைரியராஜ் காரில்தான் கிளம்பினான். தலையில் கம்பளிக் குல்லா. கொடைக்கானலில் டிசம்பர் கடைசியில் உறைபனி விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பனிக்கால டயரின் வாழ்க்கைப் பயன் நிறைவேறப் போகிற நாள். பக்கத்தில், தூக்குச் சட்டி நிறையப் புளியோதரையோடு ஸ்ரீரங்கராஜன். மணப்பாறைக்கு முன்னாலேயே திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவர்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் படியில் தொங்கியபடி குனிந்து பார்த்து, "என்ன சார், கீழ ஏதாவது விழுந்துடுச்சா? தேடிக்கிட்டே போறீங்க!" என்றான்.

வையம்பட்டிக்குப் பக்கத்தில் ரோட்டைக் காணோம். அறுத்த கொள்ளுச் செடியை அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். அது அங்கே வழக்கம். போகிற லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். கூலி கிடையாது. வண்டிக்காரர்கள் திட்டுவார்கள், குடியானவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தைரியராஜின் கண்ணுக்கு அது கொள்ளாகத் தெரியவில்லை. எல்லையற்ற சமவெளியாகத் தெரிந்தது. "ரங்கா, இப்படிப்பட்ட நிலத்துக்காகவே படைக்கப்பட்டவை இந்தச் சக்கரங்கள்!"

"மெதுவாப் போடா!"

அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். பஸ்ஸின் வயிறு உயரத்தில் இருக்கிறது. இந்தக் காரின் வயிறு தரையில் இருக்கிறது. பாதி தூரத்தில் செடியெல்லாம் அடியில் திரண்டு, அச்சில் சுற்றிக்கொண்டு, காரைத் தூக்கிப் பிடித்தது. அடைக்கோழி மாதிரி குவியல்மேல் கார் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் மட்டும் விர்ரென்று சுற்றின.

களத்துக்குச் சொந்தக்காரர் பெரியண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "யாரு சார் அது, செடிக்குள்ள படுத்துக் கெடக்கறது?"

"நல்ல மனிதரே, நாங்கள் நெடுந்தூரப் பயணிகள்."

"எங்கேருந்து?"

"திருச்சியிலேந்து" என்றான் ஸ்ரீரங்கராஜன்.

பெரியண்ணன் திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் அவர் பெண்சாதி அம்மணி, சக்கரம் சுற்றிய இடத்தில் ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்தாள். "ஏங்க, இங்க பாருங்க! லாரி ஏறினாக்கூடப் பாதிக் காய் உடையாம கெடக்கும். இது ஒண்ணுவிடாம உதிர்த்திருக்கு. பருப்பும் நசுங்கல."

பெரியண்ணன் குனிந்து டயரைத் தடவினார். வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திறந்த வாயைத் திட்டாமல் மூடிக்கொண்டார்.

அச்சில் சுற்றியதை அறுத்தெடுத்துக் காரை இறக்க நேரம் ஆனது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கராஜன் கைக்கடிகாரத்தைத் தட்டினான். "டேய், கொடைக்கானல் போச்சு. திண்டுக்கல் பஸ் இப்ப வரும். அங்கயாவது அவாளப் பிடிச்சுடலாம். காரை இவர் பாத்துப்பார்."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியண்ணன். "அதுக்கு முன்னால சார் ஒரே ஒரு சுத்து வந்தாருன்னா புண்ணியமாப் போகும். இந்த மாதிரி டயரை என் ஆயுசுல பாத்ததில்ல. யாரு சார் தேர்ந்தெடுத்தது?"

அங்கேதான் கெட்டது காரியம். அந்த டயரை எடுத்த நாளிலிருந்து அப்பா முறைத்தார், அலுவலகம் சிரித்தது, லூர்துராணிகூடப் பரிதாபமாகத்தான் பார்த்தாள். முதல்தடவையாக ஒரு மனிதர் கும்பிட்ட கையோடு கேட்கிறார்.

"நான்தான்" என்றான் தைரியராஜ். அடியில் சிக்காதபடி மெல்லிசாகப் பரப்பிக் கொடுத்த செடிமேல் ஒரு சுற்று வந்தான். கூட்டம் கைதட்டியது. அம்மணி மோர் கொடுத்தாள். பக்கத்துக் களத்துக்காரர்கள் தங்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நாவல்களில் குதிரைமேல் வரும் நல்ல பிரபுவைக் குடியானவர்கள் சூழ்ந்துகொள்வது இப்படித்தான்.

திண்டுக்கல் பஸ் வந்தது. ஸ்ரீரங்கராஜன் அதன் குறுக்கே நின்று மறித்தான். "ஏறுடா!"

"இதோ, இந்தக் குவியல் முடியட்டும்."

"கொள்ளுன்னா வாயைத் திறக்கற, கடிவாளம்னா மூடிக்கற! அந்தப் பொண்ணு அங்க வாசலப் பாத்துண்டு நிக்கறா."

"நண்பா, எளிய மக்களின் அழைப்பை..."

"எளிய மக்களா? கூலியில்லாத ஆள் கிடைச்சான்னு சுத்த விட்டிருக்கா. நன்னாச் சுத்து!"

பஸ் போனது. எதிர்ப்பக்கம் வந்த திருச்சி பஸ்ஸில் ஸ்ரீரங்கராஜன் தூக்குச் சட்டியோடு ஏறிப் போய்விட்டான். தைரியராஜுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஒரு குவியல் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்தான். முடிந்தபோது இன்னொன்று தயாராக இருந்தது. "சார் கையே ராசிக் கை" என்றார் யாரோ. லூர்துராணியின் அப்பா நல்லவர், காத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டான். பிறகு அதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெயில் சாய்ந்தபோது திண்டுக்கல்லிலிருந்து வந்த பஸ் ஒன்றைப் பெரியண்ணன் கைகாட்டி நிறுத்தினார். செடியைப் புரட்டிப் போட வேண்டுமாம். பஸ் காருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. தைரியராஜ் நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலோரம் லூர்துராணி. அடுத்து அவள் அப்பா அமிர்தராஜ். அவர் மடியில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தட்டு, மேலே புதுத் துண்டு மூடியிருந்தது.

அந்தத் தட்டைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பு சில்லிட்டது. இவ்வளவு நாள் படித்த எந்தப் பனியும் இப்படிக் குளிர்ந்ததில்லை.

"லூர்து!" என்று எழுந்து நின்று கத்தினான். குல்லாவிலும் புருவத்திலும் கொள்ளுத் தூசி. "லூர்து, நான் வந்துக்கிட்டேதான் இருந்தேன்!" முதல்தடவையாக அவன் வாயில் சாதாரணத் தமிழ் வந்தது.

அமிர்தராஜ் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது? உன் பேரைச் சொல்ற மாதிரி இருக்கு?"

லூர்துராணி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காரைப் பார்த்தாள். சுற்றி நிற்கிற கூட்டத்தையும், அம்மணி அளந்துகொண்டிருந்த மரக்காலையும் பார்த்தாள். கண் நிறைந்ததா, தூசி விழுந்ததா என்று கீழே நின்றவனுக்குத் தெரியவில்லை.

"தெரியலப்பா. யாரோ கொள்ளு அடிக்க வந்தவரு."

ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டாள். பஸ் நறநறவென்று செடியை மிதித்துக்கொண்டு திருச்சிப் பக்கம் போனது. தைரியராஜ் நின்றபடியே நின்றான்.

பெரியண்ணன் பக்கத்தில் வந்து, மரியாதையாகத் தொண்டையைச் செருமினார். "சார், கெழக்கால கொஞ்சம் மிச்சம் கெடக்கு."

தைரியராஜ் உட்கார்ந்து கியரைப் போட்டான்.