கொமிஷனர் கோட்டு

2006இல் மொன்றியலில் இருந்த, நாங்கள் விட்டுவந்த ஊர்க் கல்லூரிகள் ஆறின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுச் சம்மேளனம் தொடங்கின. எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் படித்தாலே கல்லூரிதானே! போட்டிகளில் தீர்ப்புச் சொல்லும், யாரும் சீண்டாத கொமிஷனர் பதவியை என் கணவர் பேனாட் ஓடிப்போய் ஏற்றார். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் பெட்டி அடுக்கியவரை ஒருவரும் எந்தப் பட்டம் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

"ஒருத்தராவது என்னைக் கொமிஷனர் எண்டு கூப்பிடோணும், இமெல்டா," என்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

உடனே ஒரு நீலக் கோட்டு வாங்கி, முதுகில் பெரிய மஞ்சள் எழுத்தில் பதவியைப் பிரெஞ்சில் அடிப்பித்துக்கொண்டு வந்தார். பிரெஞ்சு தெரிந்த மகள் லக்சனாவைக் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை குறைந்துவிடுமாம். போட்டியன்று காலையில்தான் அவள் அதை வாசித்தாள். வாசித்துவிட்டு உருண்டு உருண்டு சிரித்தாள்.

"அப்பா, கொமிசியோனேர் எண்டால் செக்கியூரிட்டி!"

வேறு கோட்டு ஏது? அதையே போட்டுக்கொண்டு அஹுன்ட்சிக் பூங்காவுக்கு வந்தார். பூங்கா ஊழியர் முதுகை வாசித்தார், கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் நிறுத்திவிட்டார்.

"பேனாட், காரை எங்க விடுறது?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். பெட்டி அடுக்கிய கையல்லவா, காரோடு காராக நெருக்கி அடுக்கினார். கடைசியில் வாசலை அடைத்துத் தன் கொறோலாவையும் விட்டார். அதற்குள் செயலாளர் விமலநாதன் போட்டியைத் தொடக்கியே வைத்துவிட்டார். என் மனிதரைத் தேட ஒரு நாதியில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கயிறிழுத்தல் இறுதியில் சண்டை மூண்டது. வென்ற அணியின் கடைசி ஆள் ஆறடி மிஷேல், அணியில் யாரோ ஒருவரோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்.

"இவர் எங்க படிச்சவர்? அந்தக் கல்லூரி அதிபற்ற பேர் என்ன?" என்று தோற்ற அணி கேட்டது.

"பொன்ஜூர்," என்றார் மிஷேல்.

சம்மேளனமே வேண்டாம் என்று ஆறு கல்லூரியும் கோபித்துக்கொண்டு கார்களுக்குப் போயின. ஒன்றும் அசையவில்லை. வாசலில் நின்ற கொறோலாவைக் கிளப்பும் திறப்பு கொமிஷனரின் பையில்.

"பேனாட், காரை எடும்!"

அவர் வானத்தைப் பார்த்தார்.

"பேனாட் அண்ணை!"

காது கேட்கவில்லை. கடைசியில் விமலநாதனே முன்னால் வந்தார். "கொமிஷனர்... கொஞ்சம் காரை எடுங்கோ."

உடனே திரும்பினார். "முதல் என்ர தீர்ப்பு. மிஷேல் இல்லாமல் திரும்ப இழுங்கோ. பேந்து கார்."

முணுமுணுத்தபடி போய் இழுத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் கோபமெல்லாம் மறந்து, "கொமிஷனர், கோட்டைத் தாண்டீட்டினம், பாருங்கோ!" என்று இரண்டு பக்கமும் கத்தியது. அவர் கயிற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

யார் வென்றார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.