மூத்தவள் வாங்கிய ரிசீவர்

மத்தியானம் மூன்று மணிவாக்கில் யாரும் தொடாமலேயே அது விழித்துக்கொள்ளும். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம், முகப்பில் நீல வெளிச்சம், பிறகு ஸ்பீக்கர்களிலிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல ஓர் இரைச்சல். வீட்டில் நான் தனியாக இருப்பேன். உள்ளே ரிலே சுவிட்ச் தேய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்பார் என் கணவர். லிப்ட் மெக்கானிக்குக்கு எல்லாமே ரிலேதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை வாங்கியவள் மூத்தவள்.

மூத்தவள் என்பது நான் வைத்த பெயர். இவருடைய முதல் மனைவி. நான்கு வருடங்களுக்கு முன் நோயில் போய்விட்டாள். நான் வந்து பதினோரு மாதம். அவளுடைய துணிமணிகளைக் கொடுத்துவிட்டார், கட்டிலை மாற்றிவிட்டார், படத்தைக்கூட நான் கேட்காமலே அலமாரிக்குள் வைத்துவிட்டார். டி.வி. சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் இந்த ஹோம் தியேட்டர் ரிசீவர் மட்டும் கூடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. பதினாலு வருடப் பெட்டி. படம் ஓடும்போதே சத்தம் போய்ப் போய் வரும், மேலே கை வைத்தால் சுடும். உயிரோடு இருக்கிற சக்களத்தியிடமாவது சண்டை போடலாம். பெட்டிக்குள் இருப்பவளை என்ன செய்வது?

போன மாதம் வந்த நாத்தனார் பாதிப் படத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, இடது பக்கம் அலறுது, உங்களுக்குக் கேக்கலையா? இதுக்கு ஆயுசு முடிஞ்சாச்சு. தூக்கிப் போடுங்க."

எனக்கு எந்த அலறலும் தெரியவில்லை. ஆனால் வலிய வந்த சாக்கை விடுவேனா? மறுநாளே கடையில் புதியது ஒன்றைப் பார்த்துச் சொல்லிவைத்தேன். இவர் "பாக்கலாம்" என்றார். இவருடைய 'பாக்கலாம்' கிணற்றில் போட்ட கல். மூன்று வாரம் நச்சரித்த பிறகு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீயே முடிவு பண்ணு. உன் வீடுதானே," என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அது போனால்தான் அவள் போவாள், அவள் போனால்தான் இது என் வீடு.

ஞாயிற்றுக்கிழமை எங்கோ லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று இவர் ஓடினார். நான் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தேன். பழைய அமைப்பைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் டி.வி.யில் மெனுவைத் திறந்தேன். ஒலி அளவுகளைச் சேமித்துவைக்க ஆறு மெமரிகள் இருந்தன. முதலாவதை அழுத்தியதும், கனத்த ஒலியில் தொடங்கிக் கீச்சொலியில் முடியும் ஒன்பது கோடுகள் வந்தன. கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இரண்டாவதில் கடைசி மூன்று. மூன்றாவதில் ஐந்து. நான்காவதில் எல்லாமே உச்சியை முட்டிக்கொண்டு நின்றன.

என் வேலை காது பரிசோதிப்பது. சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லி, கேட்டதையும் கேட்காததையும் கோடாகப் போடுவேன். ஒன்பது வருடமாகப் பார்க்கிற கோடு எனக்குத் தெரியாதா? இது அதன் தலைகீழ். எவ்வளவு கேட்காமல் போனதோ அவ்வளவு இவர் கூட்டியிருக்கிறார். சில கடுமையான மருந்துகள் நோயோடு சேர்த்துக் காதையும் தின்னும். இரண்டு பக்கமும், கீச்சொலியில் தொடங்கி. மூத்தவளை நான் நேரில் பார்த்ததில்லை. அவள் தேய்ந்து போனதை அன்று ஒன்று முதல் நான்கு வரை வரிசையாகப் பார்த்தேன்.

நான்காவதை வைத்து ஒரு படத்தை ஓடவிட்டேன். ஏதோ ஒரு காட்சியில் குருவி கத்தியது, காதில் ஊசியாக இறங்கியது. அப்படி இறக்கினால்தான் அவளுக்கு அது குருவி. ரிமோட்டைப் பிடித்தபடி அழுதேன். இத்தனை நாள் பட்ட பொறாமை எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஐந்தாவது காலியாக இருக்கும் என்றுதான் அழுத்தினேன். காலி இல்லை. வலது ஸ்பீக்கரில் எல்லாம் சமமாக இருக்க, இடதில் மட்டும் கனத்த ஒலிகள் ஏற்றப்பட்டிருந்தன. நாத்தனார் சொன்ன அலறல் இதுதான். ஆனால் இது மூத்தவளின் கோடு இல்லை. அப்படியானால் இவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்.

இவர் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன். "இந்த அஞ்சாவது உங்களுக்கா?"

திரையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "இல்ல. உனக்கு."

சிரித்தேன். "எனக்கா? ஊர்ல உள்ள காதையெல்லாம் பாக்குறவ நான்."

"உன் காத யாரு பாத்தா?" சோபா நுனியில் உட்கார்ந்தார். "போன் பேசுறத வலது காதுக்கு மாத்திட்ட. தெருவுல நடந்தா என் இடது பக்கம் வந்துடுற, நான் உன் வலது காதுக்கு நேரா இருக்கணும்னு. படத்துல ஆம்பளைங்க பேசினா 'என்ன சொன்னான்'னு கேப்ப. நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வரேன். இப்ப நீ அப்படிக் கேக்கிறதே இல்ல."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"காது மந்தமாகுதுன்னு அவகிட்ட நான்தான் முதல்ல சொன்னேன். அன்னிக்குப் பயந்தவதான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அவ பயப்படாம இல்ல." அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். "உங்கிட்ட சொல்ல வாய் வரல."

"எல்லாத்தையும் சமமா வைங்க," என்றேன்.

வைத்தார். திரையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அவர்கள் குரல் மட்டும் வலது பக்கமாக ஒதுங்கிவிட்டது. இடது பக்கம் யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறதோ. ஒற்றைக் காதில் கனத்த ஒலி குறைந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், பயப்படாதீர்கள் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அன்று அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு உதவவில்லை. கடைசி மெமரியை அழுத்தினேன். அதில் எல்லாக் கோடுகளும் பூஜ்யத்தில் இருந்தன, இன்னும் யாருக்கும் எழுதப்படாமல்.

"நாளைக்குக் காலையில எங்கூட வாங்க," என்றேன். "அந்த டெஸ்ட் ரூமுக்குள்ள இந்தத் தடவை நான் உக்காரணும்."

தலையாட்டினார். பெட்டியைக் காட்டி, "புதுசு?" என்றார்.

"வேணாம். இதே இருக்கட்டும். அந்த ஆறாவத மட்டும் நிரப்பிடாதீங்க."